மூன்று சொல் அதிகம்

1

இந்தக் கதை ஒரு பெட்டிக்குள் அடங்காததால் பிறந்தது. பெட்டியின் நீளம் ஒன்பது சென்டிமீட்டர், உயரம் ஐந்து. எங்கள் உயர்நிலைப் பள்ளியின் வெள்ளிக்கிழமைச் செய்தித்தாளில் (ஒரே தாள், இரண்டு பக்கம், ஜெராக்ஸ்) பின்பக்கத்தின் வலது மூலையில் அது இருக்கிறது. 'இந்த வார நன்றி' என்று தலைப்பு. பள்ளியில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லலாம். விதிகள் இரண்டு. கையெழுத்தையும் சேர்த்து நாற்பது சொற்களுக்கு மேல் போகக் கூடாது. எதற்கு நன்றி என்று சொல்லியே ஆக வேண்டும்.*

நான் இந்தப் பள்ளியின் ஆய்வக உதவியாளர். செய்தித்தாளைத் தயாரிப்பதும் நான்தான். யாரிடமும் பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்குக் கொடுத்தார்கள். ஆசிரியர் அறையில் எனக்கு 'சைலன்சர்' என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

(* இரண்டாவது விதிக்குக் காரணம்: முன்பு ஒரு மாணவன், வகுப்புத் தோழி ஒருத்திக்கு 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று எழுதிப் போட்டான். திங்கட்கிழமை இரண்டு குடும்பங்களும் தலைமையாசிரியை அறையில் நின்றன. விசாரித்ததில், பரீட்சை அன்று அவள் ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'அன்று வானம் கருத்துக்கிடந்தது. ஏதோ நடக்கப்போவதை அது'

நிறுத்திவிட்டேன். ஆய்வகத்தின் நான்கு ஜன்னல்களுமே பீரோக்களுக்குப் பின்னால் இருக்கின்றன. வானம் தெரியாது.

இரண்டாவது: 'அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.'

இது பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது என்று அடித்தேன். ஆனால் கதையே இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. அதனால் அடித்த வரியையும் அப்படியே விட்டிருக்கிறேன். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

சென்ற வாரம் வியாழக்கிழமை, பத்தாம் வகுப்புக்கு வேதியியல் செய்முறை. இருபத்தேழு பேர். இருவர் இருவராக உட்கார்ந்தால் பதின்மூன்று ஜோடி, கடைசியில் ஒருத்தி தனியாக. ஆக, பதினான்கு பாட்டில் நீர்த்த அமிலம் வேண்டும்.

பதின்மூன்றை நிரப்பியதும் நீர்த்த அமிலம் தீர்ந்துவிட்டது. கொஞ்சம் புதிதாகக் கலக்கலாம் என்று ஒரு ஜாடியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். ஒரு பீக்கரில் அடர் கந்தக அமிலம் எடுத்தேன். பீக்கரில் இருப்பதைத் தண்ணீருக்குள் மெல்ல ஊற்ற வேண்டும். இதுவரை எத்தனையோ தடவை செய்தது.

அப்போது என் மண்டைக்குள் செய்தித்தாளுக்கான ஒரு அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. 'மொட்டை மாடியில் ஒரு ஷூ கிடைத்துள்ளது. இடது கால். வலது காலுடன் வருபவருக்குத் தரப்படும்.' வலது காலுடன் என்பதா, வலது கால் ஷூவுடன் என்பதா? வலது காலோடுதானே எல்லாரும் வருவார்கள்?

அந்தச் சிரிப்போடு பீக்கரை எடுத்து நேராகப் பதினான்காவது பாட்டிலில் ஊற்றினேன். மூடினேன். தட்டில் வைத்தேன். தண்ணீர் ஜாடி அங்கேயே நின்றது, தொடப்படாமல். செய்தித்தாளின் நகலை எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்க ஆபீசுக்குப் போய்விட்டேன்.

(எழுதுகிறவர்கள் எழுத்து உயிரைக் காக்கும் என்றெல்லாம் சொல்கிறார்கள். என் அனுபவம் வேறு.)

4

இப்போது அவளைப் பற்றி. வகுப்பில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால், கதைக்குப் பொருத்தமாக நானே வைத்தது என்பீர்கள். அவ்வளவு பொருத்தம். அதனால் வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணால் அழைக்கிறேன்: இருபத்தேழு.

தனியாக உட்காருகிறவள் அவள்தான். கடைசி எண்காரர்தான் பாட்டில் தட்டை ஏந்திப்போய் எல்லா மேசைக்கும் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்து வழக்கம்.

நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது வகுப்பு முடிந்திருந்தது. என் மேசையில் ஒரு பாட்டில் இருந்தது. அதன் கீழே, ரஃப் நோட்டில் கிழித்த துண்டுச் சீட்டு.

'அக்கா, இது கனமாக இருக்கிறது.'

தூக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டு, அந்தச் சீட்டின் ஓரத்தில் தொட்டேன். காகிதம் கருத்துச் சுருங்கியது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஜாடியைப் பார்த்தேன்.

சோதனைக் குழாயில் உப்பு, அதன்மேல் இந்த அமிலம், அதற்கு மேலே குனிந்த ஒரு முகம்… இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

பதினான்கு பாட்டில்களையும் கழுவிக் கவிழ்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் தற்காலிக ஊழியர். ஒரு வருடம் முடிகிறது. நிரந்தரம் செய்வதா, அனுப்புவதா என்று அடுத்த வாரம் நிர்வாகக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். வீட்டில் அம்மா மாமாவிடம் இப்போதே சொல்லிவிட்டாள், நிரந்தரம் ஆகிவிட்டது என்று.

அவள் கவனித்துவிட்டாள், வேறு பாட்டில் வாங்கிச் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

5

இந்த வாரம் புதன்கிழமை செய்முறை மதிப்பெண்களைத் தட்டச்சு செய்தேன். வேதியியல் சார் கையால் எழுதித் தருவார், நான் கணினியில் ஏற்றுவேன். இருபத்தேழாவது வரியில்: 'செய்யவில்லை. 0.'

சாரைப் பற்றி ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் பிரதியில் அவரைக் கல்நெஞ்சராக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்ப்பது அதற்கு உதவியாகவும் இருந்தது. ஆனால் அந்தத் தாளில் மற்ற இருபத்தாறு மதிப்பெண்களும் பேனாவில் இருந்தன. பூஜ்யம் மட்டும் பென்சிலில். அதைப் பார்த்த பிறகு என்னால் அவரை வில்லனாக வைத்திருக்க முடியவில்லை.

6

இடைவேளையில் அவளைத் தண்ணீர்க் குழாய் அருகே பிடித்தேன். நான் ஒரு மாணவியிடம் போய்ப் பேசுவது அதுதான் முதல் முறை. அவளுடைய தோழிகள் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏன் வேற பாட்டில் கேக்கலை?"

"உங்க ரூமுக்கு வந்தேன்க்கா. நீங்க இல்ல."

"சார்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஏன்னு கேப்பாரு. சொன்னா உங்களைத் திட்டுவாரு." தன் தண்ணீர் பாட்டிலைக் குழாயில் பிடித்தாள். "நீங்க ஏற்கெனவே யார்கிட்டயும் பேச மாட்டீங்க. திட்டு வேற வாங்கினா சுத்தமா வாயே திறக்க மாட்டீங்கன்னு தோணுச்சு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் சொன்னது சரி என்று ஆகிவிட்டது.

"அந்த பாட்டில் உன் மேசைக்கு வந்ததும் எப்படித் தெரிஞ்சுது?"

"என் மேசைக்கு வரலைக்கா. நாலாவது மேசைக்கு வைக்கப் போனேன். தூக்கினா மத்ததெல்லாம் ஒரு மாதிரி, இது ஒரு மாதிரி. அங்க உக்கார்றவன் வேற அவசரக்குடுக்கை, வெச்சா உடனே ஊத்திடுவான். அதான் அதை நானே வெச்சுக்கிட்டு வேறதைக் கொடுத்தேன்."

(இந்த இடத்தில் என் முகம் எப்படி மாறியது, கண் கலங்கியதா என்று எழுதலாம். எழுத வேண்டாம்.)

"அப்போ உன் மார்க்?"

"முதல் ரெண்டுலயும் இருபது இருபது. இதுல பூஜ்யம். நாலாவதுல இருபது வாங்கினா சராசரி பதினஞ்சு. சயின்ஸ் குரூப்புக்கு பதினஞ்சு போதும். கணக்குப் போட்டுட்டுதான் உக்காந்தேன்."

"பத்தொன்பது வந்தா?"

"வராதுக்கா."

"வந்தா?"

அவள் பாட்டிலை மூடினாள். மூடி சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் திருகினாள். "வந்தா காமர்ஸ்," என்றாள்.

"நான் பெரிய மேடம்கிட்ட சொல்லப்போறேன்."

"உங்க வேலை போயிடாதா?"

"தெரியலை."

"அப்படின்னா என் பேரை மட்டும் போடாதீங்க. அம்மா பயந்துடுவாங்க. அப்புறம் வீட்ல கேஸ் அடுப்பைக்கூடத் தொட விட மாட்டாங்க."

7

அன்றே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசை. சொல்லவில்லை. இரண்டு நாள் எடுத்தேன். அந்த இரண்டு நாளில் இந்தக் கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

அ. மதிப்பெண் பட்டியல் என் கணினியில்தான் இருக்கிறது. பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு 2 போட்டால் இருபது. விரல் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது. போட்டிருந்தால் இது வேறு கதை. அதில் நான் திருடி, அவள் உடந்தை. அதுவும் அவளுக்கே தெரியாமல்.

ஆ. பேசாமல் இருப்பது. அவள் நாலாவதில் இருபது வாங்கிவிடுகிறாள், எனக்கு வேலை நிரந்தரம் ஆகிறது, எல்லாருக்கும் நல்லது. பல வருடம் கழித்து ஒரு நாள் கடைத்தெருவில் அவளைப் பார்த்து நான்

(எதிர்ப் பக்கம் திரும்பி நடப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.)

இ. உண்மையில் நடந்தது.

8

நன்றியை எழுதினேன். பெட்டிக்குள் வைத்தேன். இன்று காலை செய்தித்தாளின் நகலை, வழக்கத்தைவிட ஒரு நாள் தாமதமாக, தலைமையாசிரியை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். வழக்கமாக நிற்க மாட்டேன், வைத்ததும் ஓடிவிடுவேன். அதனால் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, நட்டுவெச்ச மாதிரி நிக்கிற?"

"பின்பக்கம் படிங்க மேடம்."

படித்தார். மறுபடி படித்தார். மணியடித்து வேதியியல் சாரை வரச் சொன்னார். சாரும் நின்றுகொண்டே படித்தார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்," என்றார் சார். "எப்பவும் இருபது வாங்குற பொண்ணு ஒரு பீரியட் முழுக்கக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. கேட்டா வாயைத் திறக்கலை. அதான் பென்சில்ல போட்டேன்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உன்கிட்ட கேட்டிருந்தா மட்டும் சொல்லியிருப்பியாக்கும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் இருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

"சார்," என்றார் தலைமையாசிரியை.

"திங்கட்கிழமை மறுபடி செய்யட்டும் மேடம். பாட்டில் நானே நிரப்பறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. நியாயமான குத்து.

சார் போனதும் தலைமையாசிரியை தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "கூட்டத்துல இதைச் சொல்லாம இருக்க முடியாது. தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் மேடம்."

"என்ன முடிவு பண்ணுவாங்கன்னு எனக்கே தெரியாது. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நீயா வந்து சொன்னேங்கறதையும் சொல்வேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"போதும் மேடம்."

சிவப்புப் பேனாவை எடுத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். பேனா நுனியால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணினார். ஓரத்தில் 43 என்று எழுதி வட்டம் போட்டார்.

"மூணு வார்த்தை அதிகம். குறைச்சுட்டு வா. நாலு மணிக்கு ஜெராக்ஸ் போடணும்."

9

இப்போது மூன்று இருபது. ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். கவிழ்த்துவைத்த பதினான்கு பாட்டில்கள், ஓரம் கருகிய ஒரு துண்டுச் சீட்டு, இந்தத் தாள். கூட்டம் அடுத்த வாரம் என்பதால் இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. ஆனால் ஆச்சரியமாக, பயமும் அவ்வளவாக இல்லை. போன வார வியாழக்கிழமை பத்தாம் வகுப்பில் இருபத்தேழு பேர் முழு முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அதற்கு மேல் நான் எதைக் கேட்பது?

நாற்பத்து மூன்று சொற்களும் இவை:

'சென்ற வாரம் வியாழக்கிழமை வேதியியல் ஆய்வகத்தில் நீர்த்த அமில பாட்டில் ஒன்றில் நான் கவனக்குறைவால் அடர் அமிலத்தை ஊற்றிவிட்டேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் பாட்டிலின் எடையை வைத்தே அதைக் கண்டுபிடித்து, வேறு யார் கைக்கும் போகாமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதனால் தன் செய்முறை மதிப்பெண்ணையும் இழந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவருக்கு என் மனமார்ந்த நன்றி. ஆய்வக உதவியாளர்.'

எதை எடுப்பது? 'என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை' சரியாக மூன்று சொல். எடுத்தால் கணக்கு நேர். ஆனால் என்னை உட்காரவைத்து எழுதவைத்ததே அந்த மூன்றுதான். 'சென்ற வாரம் வியாழக்கிழமை'யும் மூன்று. ஆனால் தேதி இல்லாத கவனிப்பை ஆய்வகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். 'மனமார்ந்த' போகலாம், எல்லாரும் போடுவதுதான். 'ஒருவர்' போகலாம். மூன்றாவது கிடைக்கவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. கடைசியில் உள்ள கையெழுத்து இரண்டு சொல், நடுவில் உள்ள 'நான்' ஒன்று. மொத்தம் மூன்று. எடுத்துவிட்டால் வாக்கியம் எங்கும் இடறவில்லை. வாசிக்கிறவர்களுக்கு யார் ஊற்றியது என்று தெரியாது. நன்றி மட்டும் நிற்கும். பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்?

எழுதியவளிடம் விட்டால் அவள் தன் பக்கமே சாய்த்துக் குறைப்பாள். அதனால் பென்சிலை உங்களிடம் தருகிறேன். ஏதாவது மூன்று சொல்லை அடித்துவிடுங்கள். நாலு மணிக்குள்.

பத்தாவது சொல்லை, அந்த 'நான்' என்பதை மட்டும், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கனமாகத்தான் இருக்கிறது. நானே வைத்துக்கொள்கிறேன்.