பாறைக்காரர்களுக்குப் பத்திரிகை

செம்மணல் மேடான தேரிக்காட்டின் நடுவில் இருக்கும் பாறையில் காவிச் சாயத்தில் ஒன்பது பேர் கைகோத்து ஆடுகிறார்கள். எட்டுப் பேர் மூவாயிரம் வருஷமாக நிற்கிறவர்கள். இடமிருந்து நான்காவது ஆள் செல்லக்கனியின் புருஷன் சுயம்புலிங்கம். பதினோரு வருஷத்துக்கு முன் ஓவியம் பார்க்கப் போனார். வரிசையில் ஓர் ஆள் மழையில் கரைந்து போயிருந்ததால் அவரைக் கைபிடித்து இழுத்துக்கொண்டார்கள்.

இப்போது, விடிந்தால் மகள் வனஜாவுக்குக் கல்யாணம். தாரை வார்க்க அப்பா வேண்டும். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு பையில் வைத்துக்கொண்டு செல்லக்கனி பஸ்ஸை விட்டு இறங்கினாள். அங்கிருந்து அரைமணி நடைதான். ஆனால் அந்தச் செம்மணல், ஓரடி வைத்தால் அரையடி பின்னால் இழுக்கும். மூன்று நாளாய்த் தூங்காத உடம்பு வேறு. உடைமர நிழலில் இரண்டு தரம் உட்கார்ந்தாள். இரண்டு தரமும் எழுந்திருக்க மனசே வரவில்லை.

பாறையில் யாருக்கும் முகம் கிடையாது. அவள் எண்ணிப் பார்த்துப் புருஷனிடம் போய் நின்றாள்.

"கேட்டியளா, நாளைக்கு முகூர்த்தம். ஒரு நாள் இறங்கி வந்துட்டுப் போங்க."

"கைய விட்டா வரிசை அந்து போகும்ட்டி. பெரியவர்ட்ட கேளு."

முதலாவதாக நின்ற பெரியவர் பத்திரிகைப் பக்கம் தலையைத் திருப்பினார். "ஒண்ணுதான் கொண்டாந்தியா தாயி? இங்க ஒம்பது பேரு நிக்கோம்."

செல்லக்கனிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் கேட்டது நியாயம்தான். வெற்றிலையைப் பாறையடியில் வைத்து, ஒரு வாரமாக வீடு வீடாய்ச் சொல்லி வாய்க்குப் பழகியதைச் சொன்னாள். "எல்லாரும் குடும்பத்தோட வந்திரணும்."

குடும்பத்தோடு இறங்கினார்கள். பாறையின் மற்ற ஓவியங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள், திமில் பெருத்த இரண்டு காளைகள் வந்தன. வேட்டைக்காரர்கள் ஈட்டிகளைச் சாத்திவைத்துவிட்டு மான்களோடு பேசிக்கொண்டே வந்தார்கள். செல்லக்கனி இன்னும் எத்தனை இலை போட வேண்டும் என்று நினைத்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாறைய வெறுமனே போட்டுட்டு வர முடியாதுல்லா," என்றார் பெரியவர். "கடைசியா சேந்தவன்தான் காவலு. அது எங்க வழக்கம்."

கடைசியாகச் சேர்ந்தவர் சுயம்புலிங்கம்.

"அப்ப தாரை வாக்க?"

"நான் வாக்கேன் தாயி. எல்லாரும் எம்பிள்ளைகதான?"

சுயம்புலிங்கம் பதினோரு வருஷம் கழித்துக் கைகளைத் தொங்கவிட்டு, முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"தாலி ஏறும்போது பிள்ளைய இந்தப் பக்கம் பாத்து இருக்கச் சொல்லுட்டி."

"மணவறை கிழக்க பாத்துல்லா இருக்கு. நீங்க தெக்க இருக்கிய."

அவர் யோசித்தார். "சரி, விடியுமுன்ன பாறைய மண்டபத்துக்குக் கிழக்க கொண்டு வந்திருதேன். ஆளுதான் இல்லையே, கனம் இருக்காது."

"வாசல்ல தண்ணி லாரி நிக்கும்," என்றாள் செல்லக்கனி. "அதுக்கு வழி மறைக்காம வைங்க."