மேல்கோட்டுக்கு மேலே

ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் தங்கை உருவித் துணியில் துடைத்தாள். மறுபடி உள்ளே விட்டு உருவினாள். எஞ்சின் ஆயில், கம்பியில் எல்லையாகக் கீறியிருந்த மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறி நின்றது.

"பாத்தியா?" என்றான் அண்ணன். ஷெட் வாசலிலிருந்து தன் பழைய பெட்ரோல் லாரி வரை பத்தடி நடந்ததற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. "நாலு மாசமா ஒரு சொட்டு ஊத்தல. மாசம் அரை லிட்டர் குடிச்சிட்டிருந்த வண்டி. வயசானா எல்லாரும் திருந்திடுவாங்க போல."

தங்கை பதினெட்டு வருஷமாகத் தனி ஆளாக இந்த மெக்கானிக் ஷெட்டை நடத்துகிறவள். திருந்திய எஞ்சின் எதையும் அவள் இதுவரை பார்த்ததில்லை. கம்பியின் நுனியை மூக்கருகே கொண்டுபோனாள். பெட்ரோல் வாடை. விரல்களுக்கிடையே தேய்த்தாள், பிசுக்கே இல்லாமல் வழிந்தது. பழைய செய்தித்தாள் ஒன்றின் மேல் ஒரு சொட்டு வைத்தாள். கறுப்பு நடுவில் நின்றுவிட, அதைச் சுற்றி வெளிறிய ஈரம் மளமளவென்று பரவியது.

"சாவியக் குடு அண்ணே."

ஸ்டார்ட் செய்து பார்க்கப் போகிறாள் என்று நினைத்து அவன் கொடுத்தான். அவள் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வண்டி எங்கயும் போகாது. ஆயில்ல பெட்ரோல் கலந்திருக்கு."

லாரியின் பின்புறம் போர்வை சுற்றிய பதினான்கு கண்ணாடிகள் நின்றிருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் மறுநாள் கடை திறக்கிறார். காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார்.

"விளையாடாத. ரெண்டு மணிக்குள்ள நான் அங்க நிக்கணும். அந்தாளு என்னை வறுத்தெடுக்குறான். போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"ஆயில் தண்ணியா இருக்கு. ஏத்தத்துல எஞ்சின் இறுகிப் புடிச்சு நின்னுட்டா கண்ணாடியோட சேந்து நீயும் பள்ளத்துல கெடப்ப. இல்லன்னா தீப்புடிக்கும். உனக்கு எது வேணும்?"

"நாலு மாசமா ஓடலையா?"

"எப்படி ஓடுச்சுன்னுதான் எனக்கும் தெரியல."

"நீ சொன்னா சட்டம். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

முனகிக்கொண்டே வாசலோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் விழுந்தான். நாற்காலி முறுக்கிக்கொண்டது. ஐம்பது வயதுவரை என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாதவன். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவன் 'நெத்திலி'தான். இந்த இரண்டு மாதத்தில் முகம் உப்பி, வயிறு தள்ளி, வேறு ஆளாகிவிட்டான். "இப்பத்தான் உங்க அண்ணன் உடம்புல கொஞ்சம் சதை புடிச்சிருக்கு" என்று போன வாரம்கூட அண்ணி போனில் பூரித்துப்போனாள். இன்று காலையில் அவன் ஷூவின் பின்பக்கத்தை மிதித்துச் செருப்புபோல மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து, "நெத்திலி சுறாவாயிடுச்சே, ஷூ பத்தலையா?" என்று தங்கையும் சிரித்தாள். அவனும்தான் சிரித்தான்.

"கொஞ்சம் தண்ணி குடு."

"கையெல்லாம் ஆயில். எழுந்து எடுத்துக்க."

அவன் எழுந்த சத்தம் கேட்கவில்லை. கோபம், இருக்கட்டும் என்று அவள் வேலையைப் பார்த்தாள். பெட்ரோல் எங்கிருந்து இறங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினாள். ஒன்று சரியாக எரியாமல் இருந்தால்கூட அது மட்டும் நனைந்து கறுத்திருக்கும். நான்கும் ஒரே மாதிரி காய்ந்த பழுப்பில் இருந்தன. அப்படியானால் சிக்கல் அங்கே இல்லை.

அடுத்தது எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பம்ப். டாங்கிலிருந்து பெட்ரோலை இறைத்துக் கொடுப்பது அதுதான். துரு ஏறிய இரண்டு போல்ட்டுகளும் அசைய மறுத்தன. ஸ்பேனரில் மொத்த பாரத்தையும் போட்டுத் திருகியதில் விரல் முட்டியில் தோல் உரிந்தது. பம்பைப் பிரித்து, உள்ளே இருந்த ரப்பர் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் நகம் நீளத்துக்கு ஒரு கீறல். மயிரிழைதான். ஆனால் பம்ப் இறைக்கும்போதெல்லாம் அதன் வழியாகப் பெட்ரோல் கசிந்து ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது.

பிடிபட்டுவிட்டது. அவளுக்கு வெற்றிச் சிரிப்பே வந்தது.

"அண்ணே, கெடச்சிருச்சு! வந்து பாரு."

அவன் வாய் திறக்கவில்லை. சின்ன வயதில் சைக்கிள் மணியை உடைத்துவிட்டாள் என்று ஒன்பது நாள் அவளோடு பேசாமல் இருந்தவன். திரும்பிப் பார்த்தால் தோற்றதாகிவிடும் என்பதுபோல, எஞ்சினைப் பார்த்தபடியே பேசினாள்.

"வண்டி எப்பவும்போல ஆயிலைக் குடிச்சிட்டுத்தான் இருந்திருக்கு. கொறைஞ்ச எடத்தைப் பெட்ரோல் ரொப்பியிருக்கு. நீ என்னடான்னா கொறையவே இல்லன்னு குதிச்ச. போன்ல கேக்குறப்பல்லாம் அளவு நல்லா இருக்குன்னு சொன்ன, நானும் சரின்னு விட்டேன். கொறைஞ்சா ஊத்திக்கலாம் அண்ணே. காரணமே இல்லாம கூடுனா அது சீக்கு. அப்பவே என்கிட்ட கொண்டுவந்து காட்டியிருக்கணும்ல?"

அவன் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"எடு. எம்மேல இருக்குற கோவத்தை அந்தாளுகிட்ட காட்டாத."

மூன்றாவது முறையும் அடித்தபோதுதான், ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

அவன் முகவாய் நெஞ்சில் சாய்ந்திருந்தது. ஒரு கை சட்டையின் மேல்பொத்தானைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றிருந்தது. மடியிலிருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் போர்வையை ஒதுக்கி, அவன் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

"எத்தனை நாளா இப்படி வீங்கியிருக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றாள் அண்ணி. "நல்லா சாப்பிடுறாரு, உடம்பு தேறுதுன்னு நெனச்சோம். படுத்தா மூச்சு முட்டுதுன்னு மூணு தலகாணி வச்சுப்பாரு. வாயுன்னு சொன்னாரு."

"இது சதை இல்லம்மா. நீர். இதயம் பலவீனமாகி ஒழுங்கா இறைக்கலன்னா இப்படித்தான் உடம்புலயே தங்கிடும்." டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்து காட்டியிருக்கலாம்."

அண்ணி தங்கையின் முகத்தைப் பார்த்தாள். தங்கை தன் கைகளைப் பார்த்தாள். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் பெட்ரோல் வாடை போகவில்லை. மூக்கு எதற்கு இருக்கிறது, கண் எதற்கு இருக்கிறது என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை வீட்டு முன்னறையில் நிற்க இடமில்லை. சுடுகாட்டுக்கு என்ன வண்டி சொல்வது என்ற பேச்சு வந்தபோது, அதுவரை சுவரில் சாய்ந்தே இருந்த அண்ணி நிமிர்ந்தாள்.

"அவரு வண்டியிலயே போகட்டும்."

"அதுதான் பிரிச்சுப்போட்டுக் கெடக்கேக்கா" என்றான் அவள் தம்பி.

அண்ணி நேரே தங்கையைக் கேட்டாள். "முடியுமா?"

"முடியும்" என்று எழுந்தாள். அந்த அறையை விட்டு வெளியே போகக் காரணம் கிடைத்தது அவளுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

கண்ணாடிகளுக்காகக் காத்திருந்த கடைக்காரர் விடிந்ததுமே ஷெட்டுக்கு ஆட்களோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு போயிருந்தார். நாற்காலி வாசலோரம் அதே இடத்தில் கிடந்தது. அதற்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவே எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று நடந்து பார்த்தாள். நான்குதான்.

பழைய ஆயிலை வடித்தாள். பில்டரை மாற்றினாள். புதுப் பம்பைப் பூட்டி, புது ஆயிலை ஊற்றி, வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தாள். ஓட்டுநர் இருக்கை பின்னுக்குத் தள்ளியிருந்தது. அதை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் எட்டி எட்டியே ஓட்டினாள்.

அவனைப் பின்னால் ஏற்றினார்கள். அண்ணி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். எல்லாரும் தயாராக நிற்க, தங்கை மட்டும் பானெட்டைத் திறந்து கம்பியை உருவினாள். முகர்ந்தாள். வெறும் ஆயில் வாடைதான். துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவினாள்.

அண்ணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "என்ன, இன்னும் சரியாகலையா?"

"சரியா இருக்கு அண்ணி."

தேன் நிறத்தில் புது ஆயில் மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே நின்றிருந்தது. அவள் கம்பியைத் துணியில் துடைத்து மறுபடியும் உள்ளே விட்டாள்.