தலைக்கு ஊற்றும் நாள்

முனைவர் பட்டம் முடித்துவிட்டுச் சென்னையில் ஓர் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்துவந்தாள் ஞானசுந்தரி. வலிப்பு தொடங்கும் கணத்தில் மூளையின் மின்னலைகள் எப்படி மாறுகின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஆனால் வலிப்பு சொல்லிவிட்டு வருவதில்லை. தலையில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு நோயாளிகள் நாள்கணக்கில் படுத்திருப்பார்கள், ஒன்றும் நடக்காது. கழற்றி வீட்டுக்கு அனுப்பினால் போகிற வழியில் பஸ்ஸில் வந்துவிடும்.

2006 பொங்கலுக்கு விருதுநகர் வந்திருந்தபோது, அவர்கள் வீட்டுக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒரு தகவல் சொன்னார். தாயில்பட்டியில் ஒரு பெண்ணுக்குத் தலைக்கு வெந்நீர் ஊற்றினால் மட்டும் வலிப்பு வருகிறதாம். அப்படி ஒரு வகை இருப்பதை ஞானசுந்தரி படித்திருந்தாளே தவிர, யாரையும் பார்த்ததில்லை. மறுநாளே பஸ் ஏறிவிட்டாள்.

அந்தப் பெண் செல்வலட்சுமி, பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கான காகிதக் குழாய் சுற்றுபவள். வாரம் முழுக்கத் தலையில் படிந்த வெடிமருந்துப் பொடி போக, சனிக்கிழமை சாயங்காலம் வெந்நீரில் தலைக்கு ஊற்றுவாள். அப்போதுதான் வரும். குளிக்கிற இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். லாரியில் லோடு ஏற்றும் அவள் புருஷன் முனியராஜ், அவள் குளிக்கும் ஓலை மறைப்பைப் பிடுங்கி வீட்டின் மறுபக்கம் நட்டான். அங்கேயும் வந்தது.

ஞானசுந்தரி விடாமல் கேட்டாள். பச்சைத் தண்ணீரில் வருமா? வராது. வெந்நீரை உடம்புக்கு மட்டும் ஊற்றினால்? வராது. தலைக்கு, சூடாக, வேகமாக ஊற்றினால்தான்.

"சுடுதண்ணிக்கும் மூளைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றான் முனியராஜ்.

"எனக்கும் தெரியலண்ணே. அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

பக்கத்தில் டாக்டர் இருக்க, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் தலைக்கு வெந்நீர் ஊற்றி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யலாம் என்றாள். வைத்தியமும் அங்கேயே தொடங்கிவிடலாம். முனியராஜ் தயங்கினான், செல்வலட்சுமி உடனே சரி என்றாள்.

தண்ணீர் ஊற்றினாலும் கம்பிகள் கழன்றுவிடக் கூடாது. சென்னைக்குத் திரும்பிய ஞானசுந்தரி விதவிதமான பசைகளைத் தன் தலையிலேயே ஒட்டிப் பார்த்தாள். ஒன்று தண்ணீரில் கரைந்தது. இன்னொன்று முடியோடு சேர்ந்து பிய்ந்து வந்தது. சரியான பசை அமையவும் அனுமதிகள் கிடைக்கவும் சித்திரை வந்துவிட்டது.

மதுரையில் பதிவு செய்த அன்று ஆஸ்பத்திரி டாக்டர் ஊசி மருந்தோடு நின்றார். நர்ஸ் தண்ணீர் ஊற்ற வந்தபோது செல்வலட்சுமி செம்பைத் தானே வாங்கிக்கொண்டாள். மனசுக்கு ஏதாவது வித்தியாசமாகத் தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று ஞானசுந்தரி சொல்லியிருந்தாள்.

கொஞ்ச நேரம் திரையில் ஒன்றுமில்லை. பிறகு வலது காதுக்கு மேலிருந்து வந்த கோட்டில் சின்னச் சின்ன முனைகள் எழுந்தன. செல்வலட்சுமி நிறுத்தவில்லை. கை இன்னும் வேகமாகத் தண்ணீரை மோந்தது. முகத்தில் சிரிப்பு. அதன்பின் பார்வை நிலைகுத்தி, செம்பு விழுந்து, வலிப்பு வந்தது. டாக்டர் உடனே பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் தெளிந்து உட்கார்ந்தபின், முனியராஜ் டீ வாங்கப் போன நேரத்தில் ஞானசுந்தரி கேட்டாள், ஏன் நிறுத்தவில்லை என்று.

"அவுககிட்டச் சொல்ல மாட்டீகளே?"

"மாட்டேன்."

"அது வர்றதுக்கு முன்னாடி நல்லா இருக்கும்க்கா. சத்தமெல்லாம் தூரமாப் போயிரும். ஒடம்புல கனமே இருக்காது. இன்னுங் கொஞ்சம் ஊத்துனா இன்னும் நல்லா இருக்கும்னு கை தானா மோந்துரும். பெறகு ஒண்ணும் தெரியாது. வேணும்னே இழுத்துக்கிறேன்னு நெனைச்சுருவாக."

ஞானசுந்தரி யோசித்தாள். "ஆசையில மோந்துச்சா, நோயே மோக்க வச்சுச்சான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"எனக்குந் தெரியலக்கா."

ஒவ்வொரு வலிப்பும் அடுத்ததற்கு வழி செய்யலாம், போகப் போகத் தண்ணீர் இல்லாமலே வரலாம், பட்டாசுக் கம்பெனியில் அப்படி வந்தால் ஆபத்து என்று டாக்டர் விளக்கினார். குளிக்கப் போகுமுன் ஒரு மாத்திரை, வெதுவெதுப்பான தண்ணீர், அதையும் மெல்ல ஊற்ற வேண்டும். செல்வலட்சுமி தலையாட்டிவிட்டு, அவர் போனபின் கேட்டாள்:

"அந்த நல்லாருக்கிறத மட்டும் விட்டுட்டு, வலிப்ப மட்டும் எடுக்க முடியாதாக்கா?"

ஞானசுந்தரி அந்தக் கேள்வியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். சென்னையில் அந்தப் பதிவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். வலிப்பு தொடங்கும் கணத்தைத்தான் அவள் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தாள். இப்போது அதற்கு முந்தைய அந்தக் கொஞ்ச நேரம், செல்வலட்சுமி சிரித்துக்கொண்டே தண்ணீர் மோக்கும் நேரம், அவளைத் தூங்கவிடவில்லை. சிரிப்பை எப்படி அளப்பாய் என்று பேராசிரியர் கேட்டார். தெரியாது, ஆனால் அதைத்தான் பார்க்கப்போகிறேன் என்றாள்.

தீபாவளி சீசன் முடிந்து ஒருநாள் தாயில்பட்டிக்குப் போனாள். மதுரைக்குப் பிறகு வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை என்றாள் செல்வலட்சுமி. சனிக்கிழமைதான் என்னவோ சப்பென்று இருக்கிறதாம்.

கிளம்பும்போது முனியராஜ் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தான்.

"அவ எங்கிட்டயும் சொல்லிட்டா, வர்றதுக்கு முன்னாடி நல்லா இருக்குமாமே, அத."

ஞானசுந்தரி அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"எப்படித்தான் இருக்கும்னு நானும் ஒரு நா சுடச்சுட ஊத்திப் பாத்தேன். மண்டை வெந்ததுதான் மிச்சம். எனக்கு ஏங்க வரல?"