காளாத்தி நாயக்கருக்கு வைத்த முகம்

1

இந்தக் கதை என் மொட்டைத் தலையில் பிறந்தது. திருத்தணி மலையில் முடி இறக்கியபோது நாவிதரின் கட்டைவிரல் என் பின்மண்டையில் ஓரிடத்தில் நின்றது. "சின்ன வயசுல எங்கனா விழுந்தீங்களா?" என்றார். விழுந்திருக்கிறேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

'மலைமேல் சூரியன் உதித்துக்கொண்டிருந்த' என்று ஆரம்பித்தேன். வேண்டாம். பிள்ளையைத் தொலைத்தவர் வீட்டில் சூரியனுக்கு என்ன வேலை?

2

1948. கஜபதி, திருத்தணி மலையில் மொட்டையடிக்கிறவர். ஆறு வருஷத்துக்கு முன், கத்தி பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த மகன் தேசப்பனை ஓங்கி அறைந்து, "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன், போடா" என்றார். போனவன்தான். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டானாம் என்று மனைவி அன்னம்மாளிடம் அவரே ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார். மகன் திரும்பி வந்ததும் முருகனுக்கு முடி கொடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டாள். அந்த முடி இப்போது இடுப்பைத் தாண்டிவிட்டது.

3

கே.ஜி.கண்டிகைப் பக்கம் கல் உடைத்தவர்கள் ஒரு மண்டையோட்டையும் பக்கத்தில் துருப்பிடித்த வாளையும் கண்டெடுத்தார்கள். வாள் இருந்தால் ராஜாதானே? பழைய பாளையக்காரர் காளாத்தி நாயக்கர் என்று ஊர் முடிவு கட்டியது. (அப்படியொரு நாயக்கர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. நான் உண்டாக்கியவர்.)

டிராயிங் மாஸ்டர் கங்காதரன் பட்டணத்திலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்தார். எலும்பின்மேல் எங்கெங்கே எவ்வளவு சதை என்று அதில் அட்டவணை இருந்தது. தீக்குச்சிகளை அந்த அளவுக்கு நறுக்கி மண்டையோட்டில் ஒட்டி, குச்சி மறையும்வரை களிமண் அப்பினால் செத்தவர் முகம் வந்துவிடுமாம்.

"இதுல வெள்ளைக்காரன் கன்னந்தான் போட்டுக்கீது கஜபதி. நம்ம ஜனங்களுக்குச் சதை எவ்ளோ கனம்னு, தெனம் நூறு மூஞ்சியத் தொடுற நீதான் சொல்லணும்."

கஜபதி மண்டையோட்டைக் கையில் வாங்கினார். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் பின்மண்டைக்குப் போனது. இடது காதுப் பக்கம் ஒரு பள்ளத்தில் நின்றது. தேசப்பன் ஏழு வயதில் மலைப்படியில் உருண்ட பிள்ளை. ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் கத்தி போகும்.

"இன்னா, எங்கனா ஒடஞ்சிருக்கா?"

"ஒண்ணுமில்லீங்க. கன்னத்துல சதை கம்மியா வைங்க."

4

[ஒரு பள்ளத்தை வைத்து மகனை அடையாளம் காண முடியுமா என்பீர்கள். உங்களுக்காக முன்பல்லில் ஒரு மூலையை உடைத்துவைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். கஜபதிக்குப் பல் தேவையில்லை.]

தேசப்பன் எப்படிச் செத்தான் என்று மூன்று பத்தி எழுதினேன். கல்குவாரி வெடி, பாம்பு, பட்டினி. மூன்றையும் கிழித்தேன். அந்த வாள் அவன் பக்கத்தில் எப்படி வந்தது என்று எனக்கும் தெரியாது. எப்படிச் செத்தாலும் அந்த அறை வாங்கிய பிறகு அவன் பத்து மைல்கூடத் தாண்டவில்லை.

மூக்கையும் உதட்டையும் புத்தகம் சொல்லாது. மாஸ்டர் கேட்கக் கேட்கக் கஜபதி சொன்னார். பொய் மூக்கு ஒன்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அப்படியும் ஒரு முறை எழுதிப் பார்த்தேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள், முழிக்கவே மாட்டேன் என்ற முகம் அவர் எதிரில் இருந்தது. மாஸ்டர் அதற்கு மீசை வைத்துத் தலைப்பாகை கட்டினார்.

5

பள்ளிக்கூடத்தில் நாயக்கருக்கு மாலை போட்டார்கள். "ராஜ களையைப் பாரேன்!" என்றார்கள். நீ வராதே என்று கஜபதி சொல்லியிருந்தும் அன்னம்மாள் வந்தாள். வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

"வாத்தியாருக்கு நம்ம புள்ள மூஞ்சி எப்பிடித் தெரியும் பாவா?"

அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பின்மண்டையத் தொட்டுப் பாத்தியா?"

"ஆங்."

அவள் அழவில்லை. கொண்டையை அவிழ்த்தாள். ஒரு வாளி நீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டான் இல்ல. வேண்டுதல முடிச்சுடு."

6

அவர் மழித்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். 'அது நாயக்கர்டி, நம்ம புள்ள பட்டாளத்துல கீறான்' என்று அவர்

இல்லை, அவள் நம்பமாட்டாள். இரண்டிலும் பிள்ளை செத்தவன் செத்தவன்தான். எழுதுகிறவன் என்ற பெயர்தான் எனக்கு, அவனை எழுப்பத் துப்பில்லை.

கத்தியை விரித்து உங்கள் கையில் வைக்கிறேன். அவள் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மழிக்கலாமா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்கள். முடி காய்ந்துவிட்டால் அவளுக்கு வலிக்கும்.