முக்கோண மடிப்பு

காலையில் தம்பி நாளிதழின் ஓரத்தைக் கிழித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. பயம் நாலு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. வந்த பயம் சும்மா போகவில்லை, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"என்னடா, ஓட்டுப் போடப் போறியா, பொட்டலம் மடிக்கப் போறியா?"

"கிண்டல் பண்ணாதேக்கா. சீட்டை முக்கோணமா மடிச்சு முனையை உள்ளே சொருகணுமாம். அப்பத்தான் பெட்டியிலே சிக்காம விழுமாம். தலைவரோட ஆள் குண்டூசி வந்து சொல்லிட்டுப் போனான்."

தம்பி தையல்காரன். மூன்று தரம் மடித்தான், மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருந்தன. விரல்தான் அவனுக்குச் சோறு போடுகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த விரல்தான் பள்ளிக்கூடம், செருப்பு, மருந்து எல்லாம்.

அக்கா கட்சி அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறாள். ஆட்கள் மாறினார்கள், நாற்காலிகள் மாறின, சுவரில் தொங்கிய படங்கள் மாறின. அவள் மட்டும் ஜன்னலோர மேஜையில் அப்படியே இருந்தாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் பக்கமும் சாயமாட்டாள் என்று பேர் வாங்கியிருந்ததால், தலைவர் தேர்தல் என்றால் வாக்குச்சீட்டைப் பிரிக்கும் வேலை அவளுக்குத்தான் வரும். பெட்டியை மேஜைமேல் கவிழ்ப்பார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, பேரைப் படித்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டுவாள். இதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள், பாவம்.

இந்தத் தடவை மூன்று பேர் நின்றார்கள்: லாரிக்காரர், டாக்டரம்மா, வக்கீல். லாரிக்காரர்தான் இப்போதைய தலைவர். நாற்பது லாரி, நாலு கிடங்கு, ஊரில் பாதிப் பேருக்கு அவர் தயவில் பிழைப்பு. அவர் சிரித்தால் சுற்றியிருப்பவர்கள் முதலில் சிரித்துவிடுவார்கள், எதற்குச் சிரித்தோம் என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்வார்கள். ஓட்டு மொத்தம் அறுபத்தொன்று. முப்பத்தொன்று வாங்கினால் தலைவர். யாருக்கும் அது கிடைக்காவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டு. தம்பியும் தன் தெருக் கிளையின் சார்பில் அந்த அறுபத்தொருவரில் ஒருவன்.

முதல் பெட்டி பதினொரு மணிக்குக் கவிழ்ந்தது. தேர்தல் அதிகாரியாக உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காது கொஞ்சம் மந்தம், சட்டம் மட்டும் நன்றாகக் கேட்கும். மேஜைக்கு எதிரே லாரிக்காரரின் ஏஜெண்டாகக் குண்டூசி நின்றான். ஆளும் ஒல்லி, சட்டைக் காலரிலும் எப்போதும் நாலைந்து குண்டூசி குத்தியிருப்பான், அதனால் அந்தப் பேர். கையில் ஒரு சின்ன நோட்டு.

அக்கா ஒரு சீட்டை எடுத்தாள். சாதாரணமாக இரண்டாக மடித்தது. குண்டூசி பேசாமல் நின்றான். அடுத்தது நீளவாக்கில் நாலாக மடித்து நடுவில் வளைத்தது. அவள் அதைப் பிரிப்பதற்கு முன்பே குண்டூசியின் பேனா நோட்டில் இறங்கியது. பிரித்தாள். "லாரிக்காரர்" என்று படித்தாள். பேனா ஒரு கோடு போட்டது.

ஏழெட்டுச் சீட்டு போனது. விசிறி மாதிரி மடித்த ஒன்று வந்தது, பேனா இறங்கியது. ஓரத்தைச் சுருட்டிய ஒன்று வந்தது, பேனா இறங்கியது. இவன் ஏன் பேரைக் கேட்பதற்கு முன்னாலேயே எழுதுகிறான் என்று அவள் யோசித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு முக்கோணம். முனை உள்ளே சொருகியிருந்தது.

ஐயோ, இது தம்பியுடையது! அவள் கண்ணுக்குத் தெரிந்தது குண்டூசி கண்ணுக்கும் தெரிந்திருந்தது, அவன் பேனா நோட்டில் தயாராக நின்றது. சந்தேகப்பட்ட ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு மடிப்பு. அந்த மடிப்புக்குள் எந்தப் பேர் இருக்கிறது என்று படித்துச் சொல்ல ஓர் அக்கா. சொன்ன மடிப்பு வராவிட்டால் அதுவும் குற்றம்தான். ரகசிய ஓட்டாம் ரகசிய ஓட்டு, தூக்கிக் குப்பையில் போடவேண்டியதுதான்.

பிரித்தாள். லாரிக்காரர் பேருக்கு நேரே முத்திரை விழுந்திருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வந்த உயிர் நிம்மதியாக இருக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு மெக்கானிக்கின் ஞாபகம் வந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முந்தைய தேர்தலில் மெக்கானிக் லாரிக்காரரை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அடுத்த வாரம் அவருடைய கடை ஷட்டர் அவர் வலது கையின்மேல் இறங்கியது. தானாக இறங்கிவிட்டது என்றார்கள். மூன்று விரல் போயிற்று. ரகசிய ஓட்டு எப்படி வெளியே போனது என்று ஊரே மண்டையைக் குழப்பிக்கொண்டது. அவரே யாரிடமாவது உளறியிருப்பார் என்று அக்காவும்தான் சொன்னாள். சொன்ன அந்த வாயாலேயே அவருடைய சீட்டையும் படித்துக் காட்டியிருக்கிறாள். இப்போது அதை நினைத்தபோது கையிலிருந்த காகிதம் படபடவென்று ஆடியது. குண்டூசி அதைப் பார்த்தான்.

"என்னக்கா, ஜுரமா?"

"ஃபேன் காத்து."

கடைசிச் சீட்டையும் படித்து முடித்தபோது லாரிக்காரருக்கு இருபத்தொன்பது, டாக்டரம்மாவுக்கு இருபது, வக்கீலுக்குப் பன்னிரண்டு. வக்கீல் எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் இடைவேளை, பிறகு இரண்டாவது ஓட்டு என்று தலைமையாசிரியர் அறிவித்தார்.

அக்கா தண்ணீர்ப் பானைப் பக்கம் ஓடினாள். தம்பி அங்கேதான் நின்றிருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே காதோரம் குனிந்தான்.

"இனிமே ரெண்டே பேர்தானேக்கா. இந்தத் தடவை டாக்டரம்மாவுக்குத்தான் குத்தப் போறேன். எத்தனை நாளைக்குப் பயந்துக்கிட்டே கிடக்கறது? ரகசிய ஓட்டுதானே, யாருக்குத் தெரியப்போவுது!"

"டேய், வேண்டாம்டா, அந்த மடிப்பு..."

"என்னக்கா, அக்காவும் தம்பியும் குசுகுசுன்னு?" குண்டூசி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். டம்ளரை நீட்டித் தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். அவன் சொட்டுச் சொட்டாகக் குடித்தான், நகரவே இல்லை. மணி அடித்தது. பிரதிநிதிகளை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். தம்பி உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்து இடது காதைச் சொறிந்தான். ஏழு வயதில் மொட்டைமாடிச் சுவரிலிருந்து குதிப்பதற்கு முன்னாலும் இப்படித்தான் சொறிந்தான். யார் சொல்லியும் கேட்கவில்லை, குதித்தே விட்டான்.

சாத்திய கதவுக்கு வெளியே அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே அறுபத்தொரு பேர் ஒவ்வொருவராக மறைப்புக்குப் பின்னால் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவள் தன் மேஜையில் உட்கார்ந்து, அந்த விரல்கள் இல்லாமல் தம்பி ஊசியில் நூல் கோர்ப்பதை நினைத்துப் பார்த்தாள். நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சீட்டை வாயில் போட்டு விழுங்கிவிடலாமா? மயக்கம் போட்டு விழலாமா? விழுந்தால் வேறொருத்தர் பிரிப்பார், அவ்வளவுதான். மேஜை டிராயரை எதற்கென்று தெரியாமலே இழுத்தாள். உள்ளே கட்சியின் விதிப் புத்தகம் கிடந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளே தட்டச்சு செய்தது. அடித்த அவளைத் தவிர அதை வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது பெட்டி கவிழ்ந்தது. குவியலில் முக்கோணம் மேலாகவே கிடந்தது. குண்டூசி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டான்.

"ஐயா," என்றாள் அக்கா. குரல் கீச்சென்று வந்தது. தலைமையாசிரியர் காதில் கை வைத்துக் குனிந்தார். "விதி பதினாலு. படிக்கறதுக்கு முன்னாடி எல்லாச் சீட்டையும் பிரிச்சுக் கவுத்து வச்சு, பின்பக்கம் சீலும் கையெழுத்தும் சரியா இருக்கான்னு பார்க்கணும். பத்துப் பத்தாக் கட்டி, மொத்தம் எண்ணினதுக்கு அப்புறம்தான் பேரைப் படிக்கணும்."

"இதெல்லாம் எப்பவும் செய்யறதில்லையே?" குண்டூசி வெடுக்கென்று கேட்டான்.

"எப்பவும் செய்யாதது தப்புங்க. முதல் ரவுண்டிலே எனக்கு ஞாபகம் இல்லை. யாராவது கேஸ் போட்டா நானில்ல பதில் சொல்லணும்?"

தலைமையாசிரியர் அவள் கையோடு கொண்டுவந்திருந்த விதிப் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கி, பதினாலாவது விதியை எழுத்தெழுத்தாகப் படித்தார். அவர் முகத்தில் நாற்பது வருஷமாகக் காணாத மாணவனைக் கண்ட சந்தோஷம்.

"சரியாத்தான் சொல்றாங்க. அப்படியே செய்யுங்கம்மா."

அவள் முதலில் முக்கோணத்தை எடுக்கவில்லை. எடுத்தால் கண்டுபிடித்துவிடுவான் என்று பயம். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ எடுத்து, பிரித்து, அச்சடித்த பக்கம் கீழே இருக்கும்படி மேஜையில் அழுத்தினாள். மடிப்பு போய்விட்டது, ஆனால் தடம் போகவில்லை. குறுக்கே சாய்வாக ஒரு கோடு, பளிச்சென்று. குண்டூசியும் குனிந்து தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பேர் தெரியும்போது தடமும் தெரிந்தால் போதுமே அவனுக்கு!

பத்துச் சீட்டு சேர்ந்ததும் அடுக்கினாள். கட்டுவதற்கு நூலை எடுத்தவள் அதைக் கீழே வைத்தாள். பத்தையும் சேர்த்துப் பிடித்துச் சாய்வாக ஒரு மடி மடித்தாள், முனையை மடக்கினாள், நீளவாக்கில் ஒரு மடி, அகலவாக்கில் ஒரு மடி, ஓரத்தை ஒரு சுருட்டுச் சுருட்டினாள். ஒவ்வொன்றையும் ஸ்கேலால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு நூல் சுற்றினாள். அடுத்த பத்து. அதற்கும் அதே. சீட்டுகள் மெல்லிய காகிதம், நன்றாக மடிந்தன.

"அக்கா, என்ன பண்றீங்க?" குண்டூசியின் குரல் தாழ்ந்து வந்தது. அந்தக் குரல்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"கட்டு நிக்கமாட்டேங்குது. மடிச்சாத்தான் நிக்குது."

"கட்டட்டும்பா, சீக்கிரம் முடியட்டும்," என்றார் தலைமையாசிரியர்.

ஆறு கட்டு, மேலே ஓர் ஒற்றைச் சீட்டு. அதையும் விடாமல் மடித்தாள். மொத்தம் அறுபத்தொன்று. கட்டுகளை அவிழ்த்து ஒன்றாகக் கலந்து திருப்பியபோது எல்லாச் சீட்டிலும் எல்லாத் தடமும் இருந்தது. எது யாருடையது என்று அதை மடித்தவனுக்கே தெரியாது. அவள் படிக்க ஆரம்பித்தாள். குண்டூசி நோட்டை மூடினான். அதற்குப் பிறகு அவன் சீட்டைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

லாரிக்காரருக்கு முப்பத்திரண்டு. டாக்டரம்மாவுக்கு இருபத்தொன்பது.

லாரிக்காரர் மறுபடியும் தலைவர். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லாரும் தட்டினார்கள், எதிர்த்துப் போட்டவர்கள் இன்னும் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள். லாரிக்காரர் மேடையில் நின்று சிரித்தார். சிரித்துக்கொண்டே வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தார். இருபத்தொன்பது பேர் யார் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. குண்டூசியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். குண்டூசி இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு அக்காவைப் பார்த்தான்.

அவள் சீட்டுகளை உறையில் போட்டு அரக்கு வைத்துக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்தான். காலரிலிருந்து ஒரு குண்டூசியை உருவி, உறையின் மூலையில் அழகாகக் குத்தினான்.

"யார் போட்டாங்கன்னு தெரியாமப் போச்சு. பரவாயில்லை. யார் மடிச்சாங்கன்னு தெரியுமில்ல." சிரித்தான். "உங்க வீடு அந்த ரேஷன் கடைக்கு எதிர்வீடுதானே அக்கா?"

அவள் உறையை அப்படியே தலைமையாசிரியரிடம் கொடுத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். மூன்று படிதான், முப்பது படி மாதிரி இருந்தது. வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. தம்பி மரத்தடியில் நின்றிருந்தான். அவள் போய் அவன் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள்.

"தப்பிச்சிட்டேடா. உன் சீட்டு எதுன்னு அவனுக்குத் தெரியாது. மடிப்பை வச்சுத்தான் கண்டுபிடிக்கறானுங்க. மெக்கானிக் கை போனதும் அப்படித்தான்."

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், அவள் விடவில்லை.

"அக்கா..." அக்கம்பக்கம் பார்த்தான். "நான் லாரிக்காரருக்குத்தான் குத்தினேன். டாக்டரம்மா பேர்கிட்டே கொண்டுபோனேன், கை நடுங்கிடுச்சு. குழந்தைங்க ஞாபகம் வந்துடுச்சு. நீ அங்கே மடிச்சு மடிச்சுத் தேய்க்கறப்போ, எதுக்கு இப்படிப் பண்றியோன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். எனக்காகவா அக்கா?"

அவள் கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அவன் விரல்கள் பத்திரமாக இருந்தன, முதலிலிருந்தே பத்திரமாகத்தான் இருந்திருக்கின்றன. இப்போது ரேஷன் கடைக்கு எதிர்வீடுதான் பத்திரமாக இல்லை.

மண்டபத்திலிருந்து கூட்டம் கலைந்து வந்தது. கடைசியில் மெக்கானிக் வந்தார். நேரே மரத்தடிக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் அவள் தோளிலிருந்த பையை இடது கையால் வாங்கிக்கொண்டார். வலது கை வழக்கம்போல் கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

"வாங்கம்மா, வீட்டுல விட்டுட்டு வர்றேன். இன்னைக்குத் தனியாப் போகவேண்டாம்."

"உங்களுக்கு எதுக்குங்க வம்பு? என்கூட வர்றதை அவனுங்க பார்த்தா..."

"பார்க்கட்டும். எனக்கு இந்தத் தடவையும் மடிப்பு கொடுத்திருந்தாங்க, ஓரத்தைச் சுருட்டறது. ரெண்டாவது ரவுண்டிலே நான் இந்தத் தடவையும் எதிர்த்துத்தான் போட்டேன்."

அக்கா நின்றுவிட்டாள். மூன்று வருஷமாக அவர் கடையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறாள். ஒரு நாளும் நின்று பேசியதில்லை.

"போன தடவை உங்க சீட்டைப் பிரிச்சுப் படிச்சது நான்தாங்க," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"தெரியும்மா," என்றார் மெக்கானிக். "இந்தத் தடவை மடிச்சதும் நீங்கதானே."

தெருமுனையில் குண்டூசி மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று, போகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் போகவேண்டிய வழியும் அதுதான். தம்பி ஒரு பக்கம் வந்து நின்றான், மெக்கானிக் மறுபக்கம் நின்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவில் நடந்தாள்.