மோதிரக்கண்ணி

கடப்பாக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு ஷாரோன் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் வருவாள். மகள் சிநேகாவை அங்கே அடக்கம் செய்து இரண்டு வருடமாகிறது. வேலியை ஒட்டிய புதர்க்காட்டிலிருந்து மோதிரக்கண்ணிக் கொடி ஒன்று ஏறி வந்து, சமாதியின் சிலுவையைச் சுற்றிப் படர்ந்திருந்தது. மழைக்குப் பிறகு மஞ்சளாகப் பூக்கும். கிளைக்குக் கிளை சுருண்ட கொக்கிகள். அதனடியில் உட்கார்ந்தால் அவளுக்கு மனசு கொஞ்சம் அடங்கும்.

அடக்கத்துக்குப் பிறகு கணவன் ஜெபக்குமார் அந்தப் பக்கம் வந்ததேயில்லை. சிறுசேரியில் ஐ.டி. ஊழியர்களுக்கு வேன் ஓட்டுகிறான். வீட்டில் மகள் பேச்சை எடுத்தாலே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அவனே போன் செய்தான்.

"கல்லறத் தோட்டத்துல கீறேன். வா."

ஓட்டமும் நடையுமாகப் போனாள். சமாதி புது வெள்ளையில் பளிச்சென்று இருந்தது. சிலுவை மொட்டையாக நின்றது. கொடி வேலியோரம் பூவோடு குவிந்து கிடந்தது. ஜெபக்குமாரின் முன்னங்கையெல்லாம் கீறல்.

"வேரோட எட்த்துட்டேன்," என்றான். "கொயந்த மேல முள்ளு ஏறிக்கினு கெடக்குது. வாராவாரம் வர்ற, எப்டி பாத்துகினு இருந்த நீ?"

அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது ஷாரோனுக்கு. குவியலருகே போய் உட்கார்ந்தாள்.

"இது முள்ளு இல்ல. மோதிரக்கண்ணி. இந்தச் சுருளப் பறிச்சி பத்து வெரல்லயும் மாட்டிக்கினு திரிவா பாப்பா."

"எப்போ?"

"நீ வண்டிக்குப் போனப்பறம்."

அவன் குவியலிலிருந்து ஒரு தண்டை எடுத்து, சமாதியின் கால்மாட்டில் கையாலேயே குழி தோண்டி நட்டான். சுண்ணாம்பு கலக்கக் கொண்டுவந்த தண்ணீரில் மிச்சத்தை ஊற்றினான். அது பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும். தடுக்கவில்லை.

"வேற இன்னா பண்ணுவா?" மண்ணைப் பார்த்தபடியே கேட்டான்.

இரண்டு வருடத்தில் மகளைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"ஸ்கூல்ல ஒரு பொண்ணுக்கு மோதரம் குட்த்து பென்சில் வாங்கினு வந்தா. அப்பறம் உனக்கு ஒண்ணு தேடிக்கினே இருப்பா. உன் வெரலு தடியாம், எதுவும் பத்தாதாம். ஒரு நாளு பெருசா ஒண்ணு கெடச்சிது. கையிலயே வெச்சினு ஒக்காந்திருந்தா. நீ வர்றதுக்குள்ள தூங்கிட்டா."

"காலைல குட்த்திருக்கலாமே."

"காலைல அவ எய்ந்திருக்கறதுக்குள்ள நீ போய்ட்ட."

அவன் தலையாட்டினான். "அப்பறம்?"

"அப்பறம் இன்னா. காய்ச்சல் வந்துச்சி."

அடக்கத்தன்று எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றவன், அப்போதுதான் வாய்விட்டு அழுதான். ஷாரோன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் தோளில் கை வைக்க வேண்டும் என்று நினைத்தாள். முடியவில்லை.