நான்கு கட்டைவிரல்

விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் பெட்டி இறக்குவோம். சியோலின் சந்துகளில் இருக்கும் சூப்புக் கடைக்காரர்களும் மீன் பொரிப்பவர்களும் எங்கள் இணையதளத்தில் முள்ளங்கிக்கும் மீனுக்கும் ஆர்டர் எழுதி ஓய்வது நான்கு மணிக்கு. ஏழு மணிக்கு மறுபடி தொடங்கிவிடுவார்கள். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரம் மட்டும் எங்களுடையது.

காசான் பேட்டை, பதினொன்றாவது மாடி. வெப்பமூட்டியை இரவு பத்து மணிக்கே அணைக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. விரல் நுனி விறைத்து, கணினி விசைகள் ஒவ்வொன்றும் கூழாங்கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தன. என்னோடு வேலை பார்க்கும் தாஹே மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு வந்தவள். மேசையில் மூன்று காலிக் காபிக் கோப்பைகளும், பாதி கடித்து வைத்த கடற்பாசிச் சோற்றுக் கட்டியும். அவள் கண்கள் வெங்காயம் அரிந்தவளின் கண்களைப் போல இருந்தன.

எங்கள் வேலை இதுதான். இணையதளத்தையும் அது ஓடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைப்போம். கன்டெய்னர் என்று பெயர். யாரோ ஒருவருடைய கிடங்கில், கண்ணால் பார்த்தேயிராத ஒரு கணினியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் பங்கில் அதை இறக்குவோம். புதுப் பெட்டி ஓடத் தொடங்கியதும் பழைய பெட்டியை அழித்துவிடுவோம். அழிந்தால் நஷ்டமில்லை. ஏனென்றால் காக்க வேண்டிய எதையும் பெட்டிக்குள் வைப்பதில்லை. வெளியே தனி வட்டில் எழுதுவோம். பெட்டியையும் வட்டையும் இணைப்பது, அமைப்புக் கோப்பில் இருக்கும் ஒரே ஒரு வரி.

இதையெல்லாம் முதலில் ஒத்திகை இயந்திரம் ஒன்றில் செய்து பார்த்துவந்தோம். அதன் வாடகை வீண் என்று போன மாதம் முதலாளி அதை நிறுத்திவிட்டார். எட்டுப் பேராக இருந்த எங்களை நான்கு பேராகக் குறைத்ததும் அதே மாதம்தான்.

"இறங்கிடுச்சு," என்றாள் தாஹே. "பழச அழிக்கிறேன்."

"அழி," என்றேன்.

அழித்தாள். பக்கத்தைத் திறந்து பார்த்தாள். கடைகளின் பெயர்கள் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. மறுபடி திறந்தாள். மறுபடியும் வெள்ளை. ஆயிரத்துச் சொச்சம் கடைகள், அவர்களுடைய அன்றாடப் பட்டியல், அன்றைய ஆர்டர், எதுவும் இல்லை.

"கிபோம்," என்றாள் மெதுவாக. "எல்லாம் பெட்டிக்குள்ளயே இருந்திருக்கு."

ஐந்தரை மணிக்குத் தக்சூ அண்ணன் வந்தார். நாற்பத்தாறு வயது, எங்களில் மூத்த நிரலாளர். அவருக்குப் பின்னாலேயே சோதனை வேலை பார்க்கும் போரம் அக்கா தலைமுடி ஈரத்தோடு ஓடி வந்தாள். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. போரம் அக்கா கடைகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசினாள். "ஆமாங்க, முட்டைக்கோசு எத்தன மூட்டை? திட்டுங்க, திட்டிக்கிட்டே சொல்லுங்க, எழுதிக்கிறேன்." முழு இயந்திரத்தையும் ஞாயிற்றுக்கிழமை நகலெடுத்து வைத்த பிரதியை நாங்கள் தேடியெடுத்து ஏற்றினோம். அது நான்கு நாள் பழையது. ஏழு மணிக்கு இணையதளம் நொண்டிக்கொண்டு எழுந்து நின்றது.

அப்போதுதான் அந்த வரி எங்கே போனதென்று தேடினேன். பன்னிரண்டு நாளைக்கு முன் ஒரு சனிக்கிழமை, பெரிய இயந்திரத்திலிருந்து வாடகை குறைந்த சிறிய இயந்திரத்துக்கு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார் முதலாளி. தூக்கக் கலக்கத்தில் தனியாக மாற்றியவன் நான். வட்டை இணைக்கும் வரி பழைய கோப்பிலேயே தங்கிவிட்டது. அன்று நகலெடுத்துக் கொண்டுவந்த பட்டியலும் அதற்குப் பின் வந்ததும் எல்லாம் பெட்டிக்குள்ளேயே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அதற்குப் பின் இறங்கிய முதல் பெட்டி தாஹேயின் கையால் இறங்கியது.

தீயணைப்புப் படிக்கட்டில் அவள் சுவரில் தலையைச் சாய்த்து நின்றிருந்தாள்.

"அடுத்த மாசம் என் ஒப்பந்தம் ரெண்டு வருசம் முடியுது," என்றாள். "நிரந்தரம் ஆக்கணும், இல்ல வெளிய அனுப்பணும். முதலாளி காரணம் தேடிக்கிட்டிருந்தாரு. கையில குடுத்துட்டேன்."

வரியை விட்டது நான் என்று அவளிடம் சொல்லத்தான் வந்திருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எங்கள் முதலாளி, மா என்று பெயர், எட்டரை மணிக்கு வந்தார். கையில் அச்சடித்த தாளும், சிவப்பு மைப்பெட்டியும்.

"உட்காரும்மா தாஹே. சாப்பிட்டியா?"

"இல்லீங்க சார்."

"நானும் சாப்பிடல. உன்னாலதான்." தாளை அவள் முன்னால் தள்ளினார். "நடந்த விவரம்தான். கையெழுத்துக்குப் பதிலாப் போடற பேர் முத்திரை கொண்டாந்திருக்க மாட்ட. கட்டைவிரல் போதும்."

அவள் படித்தாள். உதடு காய்ந்திருந்தது.

"முழுப் பொறுப்பும் நானேன்னு எழுதியிருக்கீங்க. நஷ்டத்தயும் நானே ஏத்துக்கறதா..."

"அழிச்சது யாரு?"

"நான்தான். ஆனா பழைய பெட்டிய எப்பவும் அழிக்கிறதுதானே சார்."

"எப்பவும் ஆயிரம் கடை அழிஞ்சுதா? நாம எல்லாம் ஒரு குடும்பம் மாதிரிம்மா. குடும்பத்துல ஒருத்தர் தப்பு பண்ணா ஒத்துக்கணும். மத்தவங்க நிம்மதியா வேல பாக்கணும்ல?"

"விரல் வெச்சா என்னை வேலையில வெச்சுக்குவீங்களா?"

"அத அப்பறம் பேசலாம். வைக்கலன்னா கோர்ட்ல பேசலாம்."

தாஹே மைப்பெட்டியைத் திறந்தாள். அவள் மையை நோக்கி விரலை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, எதையும் விடக் கேவலமாக இருந்தது.

"அந்த வரிய விட்டது நான்," என்றேன்.

"நீ வாய மூடு. காலேஜ முடிக்காதவன். ராத்திரி திரையப் பாத்துக்கிட்டு உக்காரத்தான் உன்ன வெச்சிருக்கேன்."

"அப்படி வெச்சவனத்தான் சனிக்கிழமை தனியா மெஷினயே மாத்தச் சொன்னீங்க."

"நிரூபி." அவரே கணினியைத் திருப்பி இயந்திரத்தின் பதிவேட்டைத் திறந்தார். மாற்றியவர்: ஒர்க்கர்-1. இறக்கியவர்: ஒர்க்கர்-1. அழித்தவர்: ஒர்க்கர்-1. மேலே போகப் போக அதே பெயர்; நாங்கள் எல்லோரும் உள்ளே நுழைவது அந்த ஒரே பெயரில்தான். ஆளுக்கொரு பெயர் வேண்டுமென்று இரண்டு தடவை கேட்டிருந்தோம். எல்லாரும் ஒரே கைதானே, தனித்தனிப் பேர் எதுக்கு என்று சிரித்தவர் அவர்தான்.

போரம் அக்கா எழுந்தாள். "சோதனை முடிஞ்சதுன்னு டிக் போட்டவ நான் சார். எங்க வெச்சு சோதிக்கிறதுன்னு கேட்டேன். நீங்க, டிக் போடும்மான்னீங்க. போட்டுட்டேன்."

எல்லோரும் தக்சூ அண்ணனைப் பார்த்தோம். அவருடைய இரண்டு மகள்களும் பள்ளிக்கூடத்தில். இந்த வயதில் இந்த வேலை போனால் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் ஒரே வழி, கோழிக்கடை வைத்துக் கோழி பொரிப்பதுதான். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"கிபோம் மாத்தின கோப்பப் பாத்து சரின்னு சொல்ல வேண்டியவன் நான்," என்றார் கடைசியில். "திறக்கவே இல்ல. ரெண்டு பேரு வேலைய ஒருத்தன் பாக்கறான். திறக்காமலே சரின்னு போட்டேன்."

"தக்சூ, யோசிச்சுப் பேசு. உனக்கு வயசாயிடுச்சு."

"ஆமா சார். எண்ணெய்ச் சட்டிதான் பாக்கி. அதுல விழறதுக்கு முந்தி ஒரு நாளாவது உண்மையப் பேசிட்டுப் போறேன்."

போரம் அக்கா தாளை இழுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெற்றாக இருந்தது. பேனாவால் எழுதினாள்: வரியை விட்டது கிபோம். பார்க்காமல் சரி சொன்னது தக்சூ. சோதிக்காமல் டிக் போட்டது போரம். பெட்டியை இறக்கியது தாஹே. ஐந்தாவதாக, ஒத்திகை இயந்திரத்தை நிறுத்தியது, ஆட்களைப் பாதியாக்கியது: மா. தேதியும் போட்டாள்.

"என் பேர எடு!" மேசையில் அறைந்தார்.

"எடுக்க முடியாதுங்க. மை காஞ்சிருச்சு."

முதலில் நான் விரலை வைத்தேன். பிறகு போரம் அக்கா. தக்சூ அண்ணன் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினார். கடைசியாகத் தாஹே. தாளில் ரேகை கொஞ்சம் கலைந்துதான் விழுந்தது.

"இன்னிக்குப் பதினோரு மணிக்கே அடுத்த பெட்டி இறங்கணும், நாளைக்கு விடியற வரைக்கும் தாங்காது," என்றார் முதலாளி. "மொத்தச் சந்தையும் காத்துக்கிட்டிருக்கு. அத இறக்குங்க, அப்பறம் பேசிக்கலாம்."

"கடைங்க ஓடிக்கிட்டுதான் இருக்கு சார். ஏழு மணிக்கே எழுப்பிட்டோம்," என்றாள் தாஹே. காலையிலிருந்து அவள் குரல் அவளுக்கே கேட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். "அடுத்தது இறங்கணும்னா ஒத்திகை மெஷின் வேணும். அந்தத் தாள நீங்க வாங்கிக்கணும். நாலு விரலோட."

"மத்தியானத்துக்குள்ள வெளியாளக் கொண்டாந்து இறக்கிக் காட்டறேன். நாலு பேரையும் கோர்ட்டுக்கு இழுக்கறேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் தொலைபேசியில் கத்துவது தெரிந்தது. வெளியாள் கிடைக்கலாம். வழக்கும் வரலாம். அவருக்கு வக்கீல் இருக்கிறார். எங்களுக்கு ஒரு தாள் இருந்தது.

"அண்ணே," என்றாள் தாஹே, "கோழிக்கடை வெச்சா அங்கயும் எங்களச் சேத்துக்குவீங்களா?"

"நீ பழைய கோழிய அழிச்சுட்டா?"

போரம் அக்கா சிரிக்கத் தொடங்கி, அது அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

விரல்களைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தோம். மை போகவில்லை. மணி பதினொன்றானது. புதுப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. ஒர்க்கர்-1 கட்டளைக்காகக் காத்திருப்பதாகத் திரை சொன்னது. சிவந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் விசையைத் தொடவில்லை.